'சல்லி' என்ற ஆங்கிலச் சொல்: கறையா, களங்கமா, சேறா?

தாளடி | வெள்ளி, இரவு 9.40

வணக்கம். ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லில் மாட்டிக்கொண்டு இரண்டு நாளாகிறது. ஒரு பத்திரிகைக்காகக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்குகிறேன். முப்பது வருடம் நேர்மையாக வேலை பார்த்த ஓர் அதிகாரி, ஓய்வு பெறும் வருடத்தில், தவறு என்று தெரிந்தே ஒரு கோப்பில் கையெழுத்துப் போடுகிறார். அந்தக் கையெழுத்து அவர் பெயரை 'சல்லி' செய்துவிட்டது என்கிறார் கட்டுரையாளர். எழுத்து: எஸ், யு, இரண்டு எல், ஒய். நம் ஊர்ச் சல்லிக்காசு இல்லை.

நான் 'அவர் பெயருக்குக் களங்கம் கற்பித்துவிட்டது' என்று எழுதி அனுப்பினேன். பத்திரிகையில் அதைச் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம் எழுதவில்லை. அகராதியைத் திறந்தால் அழுக்காக்கு, கறைப்படுத்து, மாசுபடுத்து, களங்கப்படுத்து, இழுக்கு உண்டாக்கு என்று ஐந்து சொல் வரிசையில் நிற்கிறது. 'டார்னிஷ்' என்ற சொல்லுக்கும் அதே ஐந்து. 'பிஸ்மர்ச்' என்பதற்கும் அதே ஐந்துதான், வரிசை மட்டும் மாறியிருக்கிறது. மூன்று சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் மூன்றுக்கும் வேறு வேறு வேலை இருக்காதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செந்தேள் | வெள்ளி, இரவு 9.52

மொழிபெயர்ப்பே வேண்டாம். 'அந்தக் கையெழுத்து அவர் பெயரைச் சல்லி சல்லியாக்கிவிட்டது' என்று எழுதுங்கள். ஒலியும் வந்துவிடும், பொருளும் ஏறக்குறைய வந்துவிடும்.

கோடிட்ட இடம் | வெள்ளி, இரவு 10.15

செந்தேள் சொன்னதற்குச் சிரித்தேன். ஆனாலும் அது தப்பு. சல்லி சல்லியாவது என்றால் நொறுங்குவது. ஆங்கிலச் 'சல்லி'யில் எதுவும் நொறுங்காது. பொருள் முழுசாகத்தான் இருக்கும், மேலே அழுக்கு ஏறியிருக்கும்.

தாளடி, உங்களைச் சுழித்த காரணம் எனக்குத் தெரிகிறது. நானும் பல வருடம் பிழை திருத்தியவன். தப்பு 'களங்கம்' என்ற சொல்லில் இல்லை, 'கற்பித்தது' என்ற சொல்லில் இருக்கிறது. களங்கம் கற்பித்தல் என்றால், இல்லாத குறையை ஒருவன் இன்னொருவன் மேல் ஏற்றிச் சொல்வது. உங்கள் அதிகாரி உண்மையிலேயே தப்பு செய்தவர். அவருக்கு யாரும் எதையும் கற்பிக்கவில்லை. நீங்கள் எழுதிய வாக்கியத்தைப் படித்தால் அந்த மனிதர் நிரபராதி என்று தோன்றும். கட்டுரை தலைகீழாகிவிட்டது.

ஆங்கிலச் 'சல்லி' இந்த விஷயத்தில் நடுநிலை. அழுக்கு நிஜமா, பொய்யா என்று அது பார்ப்பதில்லை. பொய்ப் பேச்சும் ஒருவர் பெயரைச் சல்லி செய்யலாம், அவரே செய்த காரியமும் செய்யலாம். முன்பு சுத்தமாக இருந்தது, இப்போது அப்படி இல்லை. சொல் சொல்வது அவ்வளவுதான்.

தாளடி | வெள்ளி, இரவு 10.31

அட. இதை மூன்று வார்த்தையில் ஓரத்தில் எழுதியிருந்தால் எனக்கு இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும். சரி, அப்படியானால் 'களங்கப்படுத்தியது' என்று எழுதலாமா?

தேர்வுக்காரி | வெள்ளி, இரவு 11.05

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். வெளிநாட்டுப் படிப்புக்காக ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகிறேன். இந்தச் சொல் சொற்பட்டியலில் இருக்கிறது. உச்சரிப்பு 'சல்லி'யா, 'சுல்லி'யா? 'குழம்பு கொட்டி என் சட்டையைச் சல்லி செய்துவிட்டேன்' என்று ஆங்கிலத்தில் சொல்லலாமா?

பழைய வாத்தியார் | சனி, காலை 6.20

தேர்வுக்காரி, உச்சரிப்பு சல்லிதான். 'கட்', 'பட்' என்பதில் வரும் அதே அகரம். நடுவில் லகரத்தை நாம் இரட்டிப்பது போல அவர்கள் அழுத்த மாட்டார்கள், ஒற்றை லகரமாகவே ஒலிக்கும். இறந்த காலம் 'சல்லீட்'. எழுதும்போது ஒய் போய் ஐ வரும்.

சட்டை பற்றிய வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் கேட்கிறவர் சிரிப்பார். குழம்புக் கறையைப் பெரிய சோகமாகச் சொன்ன மாதிரி இருக்கும். அதற்கு 'ஸ்டெய்ன்' போதும். இன்றைக்கு இந்தச் சொல் பெரும்பாலும் பெயர், கௌரவம், நினைவு, புகழ் இவற்றோடுதான் வருகிறது. கைக்கும் வரும்: 'அந்த வேலையில் என் கையைச் சல்லி செய்துகொள்ள மாட்டேன்' என்று ஒரு பிகுவோடு சொல்வார்கள்.

தமாஷ் என்னவென்றால், நானூறு வருடத்துக்கு முன் இது சட்டைக்கும் நன்றாகவே பொருந்தியது. ஷேக்ஸ்பியரின் நான்காம் ஹென்றி முதல் பாகத்தில், மதுக்கடைப் பையனை இளவரசன் கேலி செய்கிறான்: உன் வெள்ளைக் கித்தான் மேல்சட்டை சல்லியாகிவிடும் என்று. அங்கே யாரும் அழுக்காக்கவில்லை, சட்டை தானாக அழுக்காகிறது. அந்தப் பயன்பாடு இன்று வழக்கொழிந்துவிட்டது. இப்போது ஒன்று இன்னொன்றைச் சல்லி செய்யும், தானாகச் சல்லி ஆகாது. தேர்விலும் அப்படி எழுதாதீர்கள்.

அப்புறம் இரண்டு எச்சரிக்கை. ஏ போட்டு எழுதும் 'சாலி' வேறு சொல். கோட்டைக்குள் இருந்து திடீரென்று பாய்ந்து வந்து தாக்குவது அது, குதித்தல் என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் 'சல்லன்' என்பதும் உறவில்லை. அது தனிமை என்ற வேரிலிருந்து வந்தது.

மேன்ஹோல் மூடி | சனி, காலை 7.48

வாத்தியார் ஐயா, சிவில் படித்த எங்களுக்கு இதன் உறவுக்காரச் சொல் ஒன்று மனப்பாடம். 'சல்லேஜ்'. சமையலறை, குளியலறை, துணி துவைக்கும் இடத்திலிருந்து வரும் தண்ணீர். கழிப்பறைத் தண்ணீர் இதில் சேராது, அது சேர்ந்தால் 'சீவேஜ்' ஆகிவிடும். பரீட்சையில் இரண்டுக்கும் வித்தியாசம் கேட்பார்கள். தமிழில் இரண்டையும் கழிவுநீர் என்று எழுதிவிட்டுப் பிறகு ஒப்பந்தக்காரரிடம் விளக்கு விளக்கு என்று விளக்க வேண்டும். நீங்கள் கேட்ட சல்லியும் இந்தச் சல்லேஜும் ஒரே குடும்பமா?

பழைய வாத்தியார் | சனி, காலை 8.30

ஒரே குடும்பம் என்றுதான் கருதுகிறார்கள். மூலம் கேட்டுவிட்டீர்கள், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். ஞாயிறு வரை எனக்கு வேறு வேலை இல்லை.

சல்லி ஆங்கில எழுத்தில் தலைகாட்டுவது 1590களில். பிரெஞ்சில் 'சுயே' என்று ஒரு வினை, அழுக்காக்கு என்று பொருள். அதிலிருந்து வந்திருக்கலாம் என்பது பெரும்பான்மைக் கருத்து. அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பின்னால் பன்றி நிற்கிறது. காட்டுப்பன்றி புரளும் சேற்றுக் குழிக்குப் பிரெஞ்சில் அதே வேரில் பெயர் உண்டு. லத்தீனில் பன்றிக்குட்டிக்கான சொல்லிலிருந்து இது கிளைத்தது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள், தொட்டி என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து என்று இன்னொரு சாரார். ஜெர்மனிலும் பன்றியும் மானும் புரளும் சேற்றுக்கு 'சூலெ' என்று பெயர். பழைய ஆங்கிலத்திலேயே இந்த ஜெர்மானியக் கிளையில் அழுக்காக்கு என்று பொருள் தரும் வினை ஒன்று இருந்தது. ஆக, பிரெஞ்சு வழியில் போனாலும் சேறு, ஜெர்மானிய வழியில் போனாலும் சேறு.

பன்றியோடு சேர்ந்த கன்றும் மலம் தின்னும் என்று நாம் சொல்லும்போதும் ஏறக்குறைய இந்தச் சொல்லின் வேரில்தான் நிற்கிறோம்.

இதில் பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் 'சாயில்' என்றால் மண். 'சாயில்' என்றால் அழுக்காக்கு என்றும் உண்டு. மண் பட்டால் அழுக்கு, அதனால் இரண்டும் ஒன்று என்று தோன்றும். நானும் வகுப்பில் அப்படித்தான் பல வருடம் சொல்லிக்கொடுத்தேன். தவறு. மண் என்ற சாயில் லத்தீனில் தரை, இருக்கை என்ற சொற்களிலிருந்து வந்தது. அழுக்காக்கு என்ற சாயில் பன்றிச் சேற்றிலிருந்து வந்தது. எழுத்தும் ஒலியும் வந்து ஒட்டிக்கொண்ட இரண்டு தனிச் சொற்கள். சல்லிக்குச் சொந்தம் இரண்டாவதுதான். மனித மலத்துக்கு ஆங்கிலேயர் 'இரவு மண்' என்று பெயர் வைத்தார்களே, அங்கே இருப்பதும் மண் இல்லை, இந்த அழுக்குச் சாயில்தான்.

என்னிடம் படித்த பிள்ளைகள் யாராவது இங்கே இருந்தால், தவறாகச் சொல்லிக்கொடுத்ததற்கு மன்னிப்பு.

செந்தேள் | சனி, காலை 9.02

எல்லாம் சரி ஐயா, பன்றி என்ன பாவம் செய்தது? உடம்புச் சூட்டைத் தணிக்கத்தான் அது சேற்றில் புரள்கிறது. அதற்குப் போதுமான வியர்வை கிடையாது.

பாத்திரக்கடை | சனி, காலை 10.40

மூன்று தலைமுறையாக வெள்ளி, பித்தளை வியாபாரம் எங்களுக்கு. டார்னிஷ் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், மற்றது வாத்தியார் பாடு.

வெள்ளிக் கொலுசு கறுப்பது அழுக்கு ஏறி இல்லை. காற்றில் கொஞ்சம் கந்தக வாயு எப்போதும் இருக்கிறது. வெள்ளி அதோடு சேர்ந்து வெள்ளி சல்பைடாக மாறுகிறது. அந்தக் கறுப்பும் வெள்ளிதான், உருமாறிய வெள்ளி. முட்டை சாப்பிட்ட வெள்ளிக் கரண்டி கறுக்கும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்தால் அந்த இடத்தில் கோடு விழும். இரண்டிலும் கந்தகம். வெளியிலிருந்து யாரும் எதையும் பூச வேண்டாம், பெட்டிக்குள் சும்மா வைத்தாலே நாளாக நாளாக நடக்கும்.

விபூதி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகும், எல்லார் வீட்டிலும் செய்வதுதான். ஆனால் தேய்க்கும்போது அந்தச் சல்பைடோடு வெள்ளியும் கொஞ்சம் போகிறது. நாற்பது வருடம் தேய்த்த குத்துவிளக்கில் பூ வேலைப்பாடு மழுங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இன்னொரு வழி இருக்கிறது. பாத்திரத்தில் அலுமினியத் தாளைப் பரப்பி, பொருளை அதன்மேல் படும்படி வைத்து, கொதிக்கிற தண்ணீரும் சமையல் சோடாவும் ஊற்றுங்கள். கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்துக்குப் போய்விடும், வெள்ளி திரும்பி வெள்ளியாகும். அழுகின முட்டை வாடை லேசாக அடிக்கும். கல் பதித்த நகையை மட்டும் அதில் போடாதீர்கள்.

ஆகவே டார்னிஷுக்கு அழுக்கு, கறை என்று எழுதினால் எங்கள் தொழில்காரன் ஒத்துக்கொள்ள மாட்டான். நாங்கள் சொல்வது 'கறுத்துப்போச்சு', 'மங்கிப்போச்சு'. செம்பு, பித்தளை என்றால் களிம்பு.

கோடிட்ட இடம் | சனி, காலை 11.15

பாத்திரக்கடைக்காரர் ஒரே பதிவில் பாதிச் சிக்கலை அவிழ்த்துவிட்டார். சல்லி வெளியிலிருந்து வந்து ஒட்டுவது. டார்னிஷ் பொருளே தன் பளபளப்பை இழப்பது, அதுவும் மெல்ல. 'அவருடைய புகழ் காலப்போக்கில் டார்னிஷ் ஆனது' என்று ஆங்கிலத்தில் இயல்பாக வரும், தானாக மங்கியது என்ற பொருளில். அதே இடத்தில் சல்லியை வைத்துப் பாருங்கள், உட்காராது.

களிம்பு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வந்தது. சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்கு, அதாவது உயிரை மறைக்கும் அழுக்குக்கு, சொல்லும் உவமை செம்பில் களிம்பு. உயிரோடு கூடவே இருப்பது, நடுவில் வந்து ஒட்டியது இல்லை என்பதற்காக அந்த உவமை. வேதியியல்காரர் சண்டைக்கு வரலாம். ஆனால் சொல்லின் குணத்தை அவர்கள் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். துணியில் சேறு என்று சொல்லியிருந்தால் தத்துவமே மாறிப்போயிருக்கும்.

தேர்வுக்காரி | சனி, மதியம் 12.10

டார்னிஷுக்கும் மூலம் பன்றிதானா?

பழைய வாத்தியார் | சனி, மதியம் 12.45

இல்லை அம்மா, அது மாயப் போர்வை. பிரெஞ்சில் 'தெர்னீர்', ஒளி மங்கச் செய் என்று பொருள். அதற்கும் முன்னால் மறை, ஒளித்துவை என்ற பொருளில் ஒரு பழைய ஜெர்மன் வினை இருந்திருக்கலாம் என்கிறார்கள். அந்த வினையின் வாரிசு இன்றைய ஜெர்மனில் ராணுவச் சொல்லாக இருக்கிறது: எதிரி கண்ணுக்குத் தெரியாமல் இலை தழை வைத்து மறைத்துக்கொள்வது. இடைக்கால ஜெர்மன் காவியமான நிபெலுங்கன் பாட்டில் நாயகன் போர்த்திக்கொண்டு மறைந்துபோகும் மாயப் போர்வைக்கும் அதே வேர், 'தார்ன்காப்பெ'. டார்னிஷ் என்றால் அடியில் இருக்கும் ஒளி மறைந்துபோவது. உள்ளே வெள்ளி இன்னும் இருக்கிறது என்று பாத்திரக்கடைத் தம்பி சொன்னதோடு இது எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள்.

தகரத்திலும் இந்த வேர் உண்டு. ஈயமும் வெள்ளீயமும் கலந்து பூசிய மங்கலான தகட்டுக்கு 'டெர்ன்' தகடு என்று பெயர். மங்கல் தகடு என்றே வைத்துக்கொள்ளலாம்.

கறுப்புக் கோட்டு | சனி, பிற்பகல் 3.20

வக்கீல் நோட்டீஸ் எழுதுகிறவர்களால்தான் இந்தச் சொற்கள் இந்த நாட்டில் உயிரோடு இருக்கின்றன என்று நினைக்கிறேன். 'என் கட்சிக்காரரின் நற்பெயரை டார்னிஷ் செய்து, சல்லி செய்து, மலைன் செய்து' என்று மூன்றையும் அடுக்குவோம். மலைன் என்றால் அவதூறு பேசுவது. ஒன்று தப்பினால் இன்னொன்று பிடிக்கட்டும் என்ற எண்ணம். நானும் எழுதியிருக்கிறேன். ஒருமுறை எதிர்த் தரப்பு மூத்த வக்கீல் என்னிடம் கேட்டார்: 'மூன்றுக்கும் தனித்தனியாக நஷ்டஈடு கேட்கப் போகிறீர்களா?'

சட்டத்தில் இந்தச் சொற்கள் எதுவும் கிடையாது. 1860ஆம் வருட இந்திய தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவு வெறுமனே நற்பெயருக்கு 'ஹார்ம்', அதாவது கேடு, என்றுதான் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு. அதிலும் அதே சொல்தான். மேலே கோடிட்ட இடம் சொன்ன உண்மை, பொய் விஷயமும் இங்கே சுவாரஸ்யமானது. குற்ற வழக்கில் 'நான் சொன்னது உண்மை' என்று மட்டும் சொன்னால் தப்ப முடியாது. அதைச் சொல்வது பொது நன்மைக்குத் தேவையாகவும் இருந்திருக்க வேண்டும். உண்மையான அழுக்கும் கேடு செய்யும் என்பது சட்டத்துக்கும் தெரிந்திருக்கிறது.

டார்னிஷ் மட்டும் அமெரிக்காவில் சட்டச் சொல்லாகிவிட்டது. புகழ்பெற்ற வணிகப் பெயரை ஒத்த பெயரை ஒருவர் அசிங்கமான சரக்குக்கு வைத்தால், வாங்குகிறவர் குழம்பாவிட்டாலும், அசல் பெயரின் மினுமினுப்பு போய்விடுகிறது என்று வழக்குப் போடலாம். கென்டக்கி மாநிலத்தில் ஒரு சிறிய கடையின் மேல் விக்டோரியாஸ் சீக்ரெட் உள்ளாடை நிறுவனம் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2003இல், உண்மையாகவே பாதிப்பு நடந்ததைக் காட்டு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2006இல் சட்டத்தையே திருத்தி, பாதிப்பு நடக்க வாய்ப்பிருந்தால் போதும் என்று ஆக்கினார்கள். ஒரு பெயர் எப்போது 'கறுத்தது' என்று எப்படி அளப்பது? பாத்திரக்கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள், நீதிமன்றத்தில் அது கஷ்டம்.

வல்லைவெளி | சனி, இரவு 7.55

எங்கட பக்கமிருந்து ஒரு சொல். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் இதற்குக் கைவசம் இருப்பது 'சேறு பூசுதல்'. 'எமது கட்சி மீது சேறு பூசும் நடவடிக்கை' என்று தேர்தல் காலத்தில் திரும்பின பக்கமெல்லாம் வரும். வாத்தியார் சொன்ன பன்றிச் சேற்றைப் படித்தபோது எனக்கு ஒரே ஆச்சரியம். ஆங்கிலச் சொல்லின் வேரை யாரும் தேடிப் போகாமலே எங்கட ஆக்கள் அதே சேற்றுக்குள் கால் வைத்திருக்கினம்.

மற்றது, கொழும்பு, மட்டக்களப்புப் பக்கம் சல்லி என்றால் காசு. சிங்களத்திலும் அப்படித்தான். இந்த இழையின் தலைப்பைப் பார்த்துவிட்டு ஏதோ கடன் கொடுக்கல் வாங்கல் பிரச்சினை என்று நினைத்துத்தான் உள்ளே வந்தேன்.

கோடிட்ட இடம் | சனி, இரவு 8.20

சேறு பூசுதல் நல்ல சொல், ஆனால் தாளடிக்கு உதவாது. பூசுவதற்கு ஒரு கை வேண்டும். வேண்டுமென்றே செய்கிற கை. அது 'பிஸ்மர்ச்' என்ற சொல்லுக்குத்தான் பொருந்தும் என்பது என் எண்ணம். அந்தச் சொல்லிலேயே ஒரு தடவல் இருக்கிறது. முன்னால் நிற்கும் 'பி' என்ற ஒட்டு, மேலெல்லாம் அப்பிவிடு என்ற பொருளைத் தருவது. நாம் முகத்தில் கரி பூசுதல் என்கிறோமே, அந்த ஜாதி. சல்லிக்கு ஆள் வேண்டியதில்லை. ஒரு சம்பவம் போதும், ஒரு கையெழுத்து போதும்.

செந்தேள் | சனி, இரவு 8.41

ஹாம்லெட்டின் முதல் தனிமொழியில் 'சல்லி' வருகிறது என்று எங்கோ படித்தேன். என் புத்தகத்தில் 'சாலிட்' என்று இருக்கிறது. கெட்டியான சதை. யார் சொல்வது சரி? வாத்தியாரைக் கிளப்பிவிடுவதற்காகவே கேட்கிறேன்.

பழைய வாத்தியார் | சனி, இரவு 9.50

கிளம்பிவிட்டேன்.

இந்தச் சதை உருகி ஆவியாகிப் பனித்துளியாகிவிடக் கூடாதா என்று ஹாம்லெட் புலம்பும் இடம். 1623இல் வந்த ஃபோலியோவில், அதாவது பெரிய அளவுத் தொகுப்புப் பதிப்பில், 'சாலிட்', கெட்டியான சதை. ஆனால் அதற்கு முன் சிறிய அளவில் தனி நாடகமாக வந்த இரண்டு குவார்ட்டோப் பதிப்புகளிலும், 1603இல் ஒன்று, 1604-05இல் ஒன்று, ஏ போட்ட 'சாலீட்' என்று அச்சாகியிருக்கிறது. கோட்டையிலிருந்து பாய்ந்த சதையா? பொருள் சரியாக வரவில்லை. அது சல்லீட் என்பதன் மாற்று எழுத்து, அதாவது அழுக்கான சதை என்று வாதாடியவர்களில் முக்கியமானவர் ஜான் டோவர் வில்சன், 1930களில். அம்மா அவசரமாக மறுமணம் செய்துகொண்டாள், தன் உடம்பிலும் அந்த ரத்தம்தானே ஓடுகிறது என்ற அருவருப்பு அந்தப் பேச்சு முழுக்க இருக்கிறது. அழுக்கு என்றால் அந்த அருவருப்போடு ஒட்டுகிறது.

எதிர்க் கட்சிக்காரர்கள் ஒரே கேள்வி கேட்பார்கள்: உருகுவது கெட்டியான பொருளா, அழுக்கான பொருளா? அதற்கும் சட்டென்று பதில் சொல்ல முடியாது.

என் ஓட்டு சல்லிக்கு. காரணம், இரண்டாம் அங்கத்தில் கிழவர் பொலோனியஸ், மகனை வேவு பார்க்க ஆள் அனுப்பும்போது, அவன்மேல் சின்னச் சின்ன அழுக்குகளைப் போட்டுப் பேசிப் பார் என்கிறார். அங்கே ஃபோலியோவில் தெளிவாகச் சல்லி. அதே இடத்தில் இரண்டாம் குவார்ட்டோவில் ஏ போட்ட சாலி! அந்தக் குவார்ட்டோவை அச்சடித்தவர்களுக்குச் சல்லியைச் சாலி என்று எழுதும் பழக்கம் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அடுத்த வரியிலேயே, கையாண்டதில் சற்று அழுக்கான பொருள்போல, என்று 'சாயில்' வினையும் வந்து நிற்கிறது. குடும்பமே ஒன்றாக உட்கார்ந்திருக்கிறது.

ஒன்று கவனியுங்கள், பொலோனியஸ் போடச் சொல்வது பொய்யான அழுக்கு. ஹாம்லெட் தன்மேல் உணர்வது, அவனைப் பொறுத்தவரை, நிஜமான அழுக்கு. ஒரே நாடகத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்.

கறுப்புக் கோட்டு | சனி, இரவு 10.05

வில்சன் தரப்பு வாதம் வலுவாக இருக்கிறது. ஆனாலும் ஃபோலியோவை ஒதுக்க முடியாது என்று நினைக்கிறேன். கேட்கிறவன் காதில் இரண்டும் ஒருசேர விழட்டும் என்றே எழுதியிருந்தால்?

பழைய வாத்தியார் | சனி, இரவு 10.12

அப்படிச் சொல்கிறவர்களும் உண்டு. நாளைக் காலையில் சண்டை போடலாம், கண் எரிகிறது.

தாளடி | ஞாயிறு, காலை 7.30

எவ்வளவு விஷயம்! எல்லாருக்கும் நன்றி. இப்போது என் பட்டியல் சுருங்கிவிட்டது. களங்கம் கற்பித்தல் போச்சு. சேறு பூசுதல் போச்சு. மங்குதல் டார்னிஷுக்குப் போய்விட்டது. மிச்சம் மாசும் கறையும்.

மாசு எனக்குப் பிடித்த சொல். சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியை 'மாசறு பொன்னே' என்பானே, அந்த மாசறு என்பது ஆங்கிலத்து 'அன்சல்லீட்' அப்படியே. ஆனால் இன்றைக்கு மாசு என்று எழுதினால் புகையும் சாயப்பட்டறையும்தான் கண்ணில் வருகிறது. 'அவர் பெயர் மாசுபட்டது' என்றால் கட்டுப்பாட்டு வாரியத்தில் புகார் கொடுக்கத் தோன்றும்.

கறை? 'கறைபடாத கை' என்று மேடையில் தினமும் கேட்கிறோம். தேய்ந்த சொல் இல்லையா?

பாத்திரக்கடை | ஞாயிறு, காலை 8.15

மாசறு பொன் என்று ஏன் சொன்னான், மாசறு வெள்ளி என்று ஏன் சொல்லவில்லை? சுத்தத் தங்கம் கறுக்காது. அது தெரிந்துதான் சொல்லியிருக்கிறான். அவன் அப்பா பெரிய வியாபாரி.

கோடிட்ட இடம் | ஞாயிறு, காலை 9.00

கறை தேய்ந்திருக்கலாம், ஆனால் செத்துப்போகவில்லை. அதற்கு நம்மிடம் ஒரு விசித்திரமான வரலாறும் உண்டு. சிவனைக் கறைமிடற்றன் என்று புகழ்கிறோம். புறநானூற்றின் கடவுள் வாழ்த்தில் அந்தக் கறை தொண்டைக்கு அணியாகவே சொல்லப்படுகிறது. ஆங்கிலச் சல்லிக்கு இப்படி ஒரு அதிர்ஷ்டம் கிடைக்கவே இல்லை. அதைப் புகழ்ச்சியாக வைத்து ஒரு வாக்கியம் எழுத முயன்றேன், முடியவில்லை.

உங்கள் அதிகாரிக்கு இன்னொரு பழைய சொல்லும் பொருந்தும்: மறு. நல்ல குடியில் பிறந்தவரிடம் உள்ள குற்றம் நிலாவில் மறுப்போல உயரத்தில் தெரியும் என்கிறது குறள். முப்பது வருடம் சுத்தமாக இருந்தவர் என்பதால்தானே அந்த ஒரு கையெழுத்து இவ்வளவு தெரிகிறது? தினமும் லஞ்சம் வாங்கியவர் என்றால் ஆங்கிலக்காரன் இந்தச் சொல்லையே எடுத்திருக்க மாட்டான். ஆனால் மறு என்று எழுதினால் இன்றைய வாசகர் கன்னத்து மருவைத் தேடுவார், விட்டுவிடுங்கள்.

வல்லைவெளி | ஞாயிறு, காலை 9.40

அப்ப 'கறை படிந்தது' என்று எழுதுங்கோவன். அதில் என்ன குறை?

தாளடி | ஞாயிறு, காலை 10.25

அதைத்தான் முதலில் எழுதினேன். பிறகு 'படிந்தது' உறுத்தியது. படிவது தூசி மாதிரி, நாளாவட்டத்தில் சேர்வது. இங்கே நடந்தது ஒரே நாளில், ஒரு பேனாவால். அதனால் இப்படி மாற்றியிருக்கிறேன்:

'அந்த ஒரு கையெழுத்து, முப்பது வருடப் பெயரின்மேல் கறையாக விழுந்தது.'

கற்பிக்கவில்லை, பூசவில்லை, மங்கவில்லை. மையும் கறை, அது தானாக வந்து சேர்ந்தது. அனுப்பிவிட்டேன்.

கோடிட்ட இடம் | ஞாயிறு, காலை 10.33

நான் சுழிக்க மாட்டேன்.

செந்தேள் | ஞாயிறு, காலை 10.50

'சல்லி சல்லியாக்கிவிட்டது' என்பதற்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

தேர்வுக்காரி | ஞாயிறு, காலை 11.20

பாத்திரக்கடை அண்ணா, சோடா முறையில் பாட்டியின் கொலுசைப் போட்டுப் பார்த்தேன். நன்றாக வெளுத்துவிட்டது. ஆனால் முத்துக்கு உள்ளே, பூ வேலைப்பாட்டின் பள்ளத்தில் இருந்த கறுப்பும் போய்விட்டது. பாட்டி திட்டுகிறார்.

பாத்திரக்கடை | ஞாயிறு, காலை 11.45

ஐயையோ. பள்ளத்தில் இருக்கும் கறுப்பு சில கொலுசில் ஆசாரி வேண்டுமென்றே வைத்தது. பூ எடுப்பாகத் தெரிவதற்காகக் கந்தகம் காட்டிக் கறுக்க வைப்பார்கள். கொண்டு வாருங்கள், திரும்பக் கறுத்துத் தருகிறேன்.